தகாகோ டோய் ஏன் பிரதமர் ஆகவில்லை?

2025 அக்டோபரில் சனே தகாய்ச்சி ஜப்பானின் முதல் பெண் பிரதமர் ஆனபோது, கூடவே தகாகோ டோய் என்ற பழைய பெயரும் அடிபட்டது. அவர் யார், பிரதமர் பதவிக்கு அவ்வளவு அருகில் வந்தவர் என்கிறார்களே, பிறகு ஏன் ஆகவில்லை, பெண் என்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பெரிய காரணம் ஒன்று உண்டு: அவருடைய கட்சி போதிய வேட்பாளர்களையே நிறுத்தவில்லை. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் கணக்கு அதுதான். அந்தக் கணக்குக்கு வருமுன் ஆளைப் பார்த்துவிடுவோம்.

டோய் 1928இல் கோபேயில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். 1945இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் அந்த நகரம் எரிந்தபோது அவருக்கு வயது 16. போருக்குப் பின் கியோட்டோவில் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அரசியலமைப்புச் சட்ட அறிஞர் தபாதா ஷினோபுதான் ஆசிரியர். போரை நிரந்தரமாகக் கைவிடுவதாகச் சொல்லும் 9ஆவது பிரிவைத் தபாதா ஒரு கொள்கையாகவே போதித்தவர். மாணவியும் கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டார். படிப்பு முடிந்ததும் அதே பாடத்தை விரிவுரையாளராக நடத்திக்கொண்டிருந்தார். கட்சி அரசியல் அவர் போட்ட திட்டத்தில் இல்லை.

அரசியலுக்கு வந்தது பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1969இல் சோஷலிஸ்ட் கட்சி அவரை நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த சமயம், அவர் நிற்கப்போகிறார் என்று ஒரு பத்திரிகை முந்திக்கொண்டு எழுதிவிட்டது. அது உண்மை இல்லை என்று சொல்லக் கோபே நகர துணை மேயரிடம் போனாராம். தோற்பது உறுதி என்று தெரிந்தும் தேர்தலில் நிற்கிற முட்டாள் யாராவது இருப்பார்களா என்று துணை மேயர் சொன்னாராம். மறுக்கப் போனவர் கோபத்தில் நின்றே தீருவேன் என்று திரும்பினார். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, ஆனால் அவர் சுபாவத்துக்குப் பொருந்துகிறது. அந்த டிசம்பர் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி 140 இடங்களிலிருந்து 90க்குச் சரிந்தது, டோய் ஜெயித்தார். கட்சி விழும்போது இவர் எழுவது அன்று தொடங்கிய வழக்கம்.

அடுத்த பதினேழு ஆண்டுகள் வெளிச்சம் இல்லாத உழைப்பு. அதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அன்றைய ஜப்பானியக் குடியுரிமைச் சட்டப்படி குழந்தைக்குக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே வரும். தாய் ஜப்பானியர், தந்தை வெளிநாட்டவர் என்றால் குழந்தை அந்நியர். ஒகினாவாவில் அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றிப் பிறந்த குழந்தைகளில் சிலருக்குத் தந்தையின் நாடும் குடியுரிமை தரவில்லை, தாயின் நாடும் தரவில்லை. பிறந்து வளர்ந்த மண்ணிலேயே நாடற்றவர்கள். டோய் இதை 1970களின் இறுதியிலிருந்து நாடாளுமன்றத்தில் விடாமல் கிளப்பினார். 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. 1985 ஜனவரி முதல் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைத்தது. அதே 1985இல், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் ஜப்பான் ஏற்றது. டோய் என்றாலே எல்லோரும் 1989ஐப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர் பெயரால் நிற்கிற உருப்படியான வேலை இதுதான்.

1986 ஜூலையில் இரு அவைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. பிரதமர் நகசோனேயின் லிபரல் ஜனநாயகக் கட்சி கீழவையில் 300ஐ எட்டியது. சோஷலிஸ்டுகளுக்குக் கிடைத்தது 85. தலைவர் இஷிபாஷி பதவி விலகினார். அந்த நாற்காலியில் உட்கார ஆண்கள் பெரிதாக முண்டியடிக்கவில்லை. துணைத் தலைவராக இருந்த டோயைத் தேடி வந்தார்கள். செப்டம்பரில் அவர் தலைவர் ஆனார். ஜப்பானில் ஒரு பெரிய கட்சிக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. அப்போது அவர் சொன்ன ‘யாருக்யா நை’ என்ற வார்த்தை நாடெங்கும் பரவியது. ‘வேறு வழியில்லை, செய்துதான் ஆக வேண்டும்’ என்பதைத் தெருவில் பேசுகிற பாஷையில் சொல்வது. ஒரு கட்சித் தலைவர் ஏற்புரையில் அப்படிப் பேசுவதை ஜப்பானியர்கள் அதுவரை கேட்டதில்லை.

அவர் உயரமானவர், குரல் கணீரென்று இருக்கும். திருமணம் செய்துகொள்ளவில்லை. பாச்சிங்கோ ஆடுவார், அதை மறைக்கவும் மாட்டார். நம்மவர்களுக்குப் பாச்சிங்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்: வரிசையாக நிற்கும் இயந்திரங்களுக்கு முன் உட்கார்ந்து சிறிய இரும்புக் குண்டுகளை ஓடவிடும் சூதாட்டம். ஒரே இரைச்சலும் சிகரெட் புகையுமாக இருக்கும் கூடங்களில், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அரசியலமைப்புச் சட்டம் நடத்திய ஆசிரியை அங்கே போய் உட்காருவது மக்களுக்குப் பிடித்துப் போனது. ‘ஒதகா-சான்’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

பிறகு 1989 வந்தது. ஆளும் கட்சிக்கு அந்த ஆண்டு தொட்டதெல்லாம் தீப்பிடித்தது. ரெக்ரூட் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பங்குகளை அரசியல்வாதிகளுக்கு வாரி இறைத்தது அம்பலமாகிப் பிரதமர் தகேஷிதா விலக வேண்டியதாயிற்று. ஏப்ரல் 1 முதல் 3 சதவீத நுகர்வு வரி அமலுக்கு வந்தது. கடையில் தக்காளி வாங்கும்போதும் சில்லறையாக அதை எண்ணி வைக்க வேண்டியவர்கள் குடும்பத் தலைவிகள். மாட்டிறைச்சி, ஆரஞ்சு இறக்குமதியைத் திறந்துவிட முடிவெடுத்ததால் விவசாயிகளும் கொதித்துப் போயிருந்தார்கள். தகேஷிதாவுக்குப் பின் வந்த உனோ சோசுகே ஒரு கெய்ஷாவுக்கு (விருந்துகளில் ஆடிப்பாடி மகிழ்விக்கும் பெண்) பணம் கொடுத்து உறவு வைத்திருந்தார் என்ற செய்தி அவர் பதவியேற்ற சில நாட்களிலேயே வெளிவந்தது. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல, விவசாய அமைச்சர் ஹோரினோஉச்சி, பெண்கள் அரசியலுக்குப் பயன்படமாட்டார்கள் என்று பேசினார். பிரிட்டன் பிரதமர் தாட்சருக்காவது கணவர் இருக்கிறார், டோய்க்குத் திருமணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, அவரால் பிரதமர் வேலை செய்ய முடியுமா என்றும் கேட்டார். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது!

டோய் நுகர்வு வரி பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: ‘தமே நா மோனோ வா தமே’. கூடாதது கூடாது, அவ்வளவுதான். பொருளாதார அறிஞர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். மக்கள் கைதட்டினார்கள். அவர் செய்த இன்னொரு காரியம், கட்சிக்கு வெளியே இருந்த பெண்களை வேட்பாளர்கள் ஆக்கியது. ஜூனில் நிகாத்தாவில் மேலவை இடைத்தேர்தல். அரசியல் அனுபவம் இல்லாத இல்லத்தரசி ஓபுச்சி கினுகோ, ஆளும் கட்சியின் கோட்டையான அந்த நெல் விளையும் மாநிலத்தில் ஜெயித்தார். ஜூலை 23 மேலவைத் தேர்தலில் அது வெள்ளமாகப் பெருகியது. போட்டி நடந்த 126 இடங்களில் சோஷலிஸ்டுகளுக்கு 46, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 36. ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் 26 தொகுதிகளில், அதாவது கிராமப்புற மாநிலங்களில், ஆளும் கட்சிக்குக் கிடைத்தது 3 மட்டுமே. 22 பெண்கள் ஜெயித்தார்கள். அதற்கு முன் இல்லாத எண்ணிக்கை. பத்திரிகைகள் அதை ‘மடோனா அலை’ என்றன. அந்தப் பெயரில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது.

அன்றிரவு டோய் சொன்னதுதான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ‘யாமா கா உகோய்தா’, மலை நகர்ந்துவிட்டது. இது அவர் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியதல்ல. 1911இல் ‘செய்தோ’ என்ற பெண்கள் இதழின் முதல் இதழுக்காகக் கவிஞர் யோசானோ அகிகோ எழுதிய கவிதை, மலை நகரும் நாள் வருகிறது என்றுதான் தொடங்கும். உறங்கிக்கொண்டிருந்த பெண்கள் விழித்தெழுவதைப் பற்றிய கவிதை அது. ஜப்பானில் பெண்களுக்கு வாக்குரிமை வருவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அந்த வரியின் காலத்தை மட்டும் டோய் இறந்தகாலமாக மாற்றினார். அரசியல்வாதிகள் கவிதை சொல்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒரு வினைமுற்றை மாற்றி இவ்வளவு சொன்னவர்கள் குறைவு.

உனோ விலகினார். ஆகஸ்ட் 9 அன்று புதிய பிரதமரை முடிவு செய்ய இரு அவைகளும் தனித்தனியே வாக்களித்தன. மேலவை தகாகோ டோயைத் தேர்ந்தெடுத்தது. கீழவை தோஷிகி கைஃபுவைத் தேர்ந்தெடுத்தது. அரசியலமைப்பின் 67ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது: இரு அவைகளின் கூட்டுக் குழு கூடிப் பேச வேண்டும், உடன்பாடு வராவிட்டால் கீழவையின் முடிவே நாட்டின் முடிவு. குழு கூடியது, உடன்பாடு வரவில்லை, கைஃபு பிரதமர் ஆனார். நீங்கள் கேள்விப்பட்ட ‘அருகில் வந்தார்’ என்பது இதுதான். அந்த டிசம்பரில் நுகர்வு வரியை ரத்து செய்யும் மசோதாவையும் எதிர்க்கட்சிகள் மேலவையில் நிறைவேற்றின. கீழவையில் அது செத்துப் போனது.

ஆக, எல்லாம் கீழவையில் இருந்தது. அதற்கான தேர்தல் 1990 பிப்ரவரியில் வந்தது. இங்கேதான் நான் முதலில் சொன்ன கணக்கு.

அன்றைய கீழவைக்கு 130 தொகுதிகள், 512 இடங்கள். ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளும் இரண்டு முதல் ஆறு பேர் வரை தேர்ந்தெடுப்பவை. ஆனால் வாக்காளருக்கு ஒரே வாக்கு. ஜப்பானில் வாக்குச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. பென்சிலால் ஒரு வேட்பாளரின் பெயரை எழுத வேண்டும். கட்சியை அல்ல, ஆளை. ஒரு கட்சி ஒரே தொகுதியில் இரண்டு பேரை நிறுத்தினால் அந்த இருவரும் ஒருவர் சோற்றில் இன்னொருவர் கை வைப்பதுபோல் ஆகிவிடும். வாக்கு சரிபாதியாகப் பிரிந்தால் இரண்டு பேருமே தோற்கலாம். பணமும் உள்ளூர் ஆதரவுப் படையும் உள்ள ஆளும் கட்சியால் மூன்று, நான்கு பேரை நிறுத்தி வாக்கைப் பங்குபோட முடிந்தது. சோஷலிஸ்டுகளிடம் இருந்தது தொழிற்சங்கம். சங்கத்தின் வாக்கு ஒருவருக்குப் போதும், இருவருக்குப் போதாது. எனவே பல ஆண்டுகளாகவே தொகுதிக்கு ஒருவர், அவரும் பெரும்பாலும் சங்கத்திலிருந்து வந்தவர் என்று கட்சி பழகிவிட்டது. தன் தொகுதியில் இன்னொருவரை நிறுத்தச் சிட்டிங் உறுப்பினர் எவரும் சம்மதிக்கமாட்டார்.

பெரும்பான்மைக்கு 257 வேண்டும். வரலாற்றில் இல்லாத அலை அடித்த அந்தத் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் சுமார் 150 பேர். அத்தனை பேரும் ஜெயித்தாலும் தனியாக ஆட்சி இல்லை! இன்னும் அதிகம் பேரை, குறிப்பாகப் பெண்களை, நிறுத்த வேண்டும் என்று டோய் கேட்டார். தலைவியின் முகத்தைச் சுவரொட்டியில் போடத் தயாராக இருந்தவர்கள், தங்கள் தொகுதியில் பாதி இடம் விடத் தயாராக இல்லை. முடிவு: சோஷலிஸ்டுகள் 136. பத்தில் ஒன்பது வேட்பாளர்கள் ஜெயித்தார்கள்; வேறெந்த நாட்டிலும் இதைப் பிரம்மாண்ட வெற்றி என்பார்கள். ஆளும் கட்சிக்கு 275. அதைவிட மோசம், டோயோடு சேர்ந்து ஆட்சி அமைத்திருக்க வேண்டிய கட்சிகள் தேய்ந்தன: கொமெய்தோ 56லிருந்து 45, ஜனநாயக சோஷலிஸ்ட் 26லிருந்து 14. கூட்டாளிகளின் தட்டிலிருந்தும் எடுத்துத்தான் இவர்களின் தட்டு நிறைந்திருந்தது.

பெண் என்பதாலா என்ற உங்கள் கேள்விக்கு இதனால்தான் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. ஹோரினோஉச்சி போன்றவர்களின் வாய் அவருக்கு வாக்கு சேர்த்ததே தவிரக் குறைக்கவில்லை. தடுத்தது சொந்தக் கட்சியின் ஆண்கள். ஆனால் அவர்களும் பெண் என்று பார்த்துத் தடுத்ததாகச் சொல்ல முடியாது, யார் தலைமை வகித்திருந்தாலும் தங்கள் இடத்தைத்தான் பார்த்திருப்பார்கள். டோய் மேல் குறை இல்லையா என்றால், உண்டு. ‘கூடாது’ என்று சொல்வதில் அவருக்கு நிகர் இல்லை. அந்த வரிக்குப் பதில் என்ன, அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பதில் வர நேரமாகும். கொமெய்தோவும் ஜனநாயக சோஷலிஸ்டுகளும் தயங்கியது அங்கேதான். 1991 ஏப்ரல் உள்ளாட்சித் தேர்தல்களில் கட்சி அடிவாங்க, அவர் தலைமையிலிருந்து விலகினார்.

1993 ஜூலைத் தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி 38 ஆண்டுகளில் முதல் முறையாக ஆட்சியை இழந்தது. சோஷலிஸ்டுகளும் 70க்குச் சரிந்தார்கள் என்றாலும், ஹோசோகாவா தலைமையில் அமைந்த எட்டுக் கட்சிக் கூட்டணியில் அவர்கள்தான் பெரிய கட்சி. டோயை அவைத் தலைவராக்க விரும்பினார்கள். அவர் முதலில் தயங்கினார், பிறகு ஏற்றார். ஆகஸ்ட் 6 அன்று கீழவையின் முதல் பெண் சபாநாயகர் ஆனார்.

அவர் அந்த நாற்காலியில் செய்த முதல் மாற்றம் சின்னது. ஜப்பான் நாடாளுமன்றத்தில் சபாநாயகர் உறுப்பினர்களைப் பெயரோடு ‘குன்’ சேர்த்து அழைப்பது மெய்ஜி காலத்திலிருந்து வந்த மரபு. ‘குன்’ என்பது ஆண்கள் சம வயது ஆண்களையும் இளையவர்களையும் விளிக்கும் சொல். ஆசிரியர் மாணவனை, மேலாளர் இளம் ஊழியனை அப்படிக் கூப்பிடுவார். பெண் உறுப்பினர்கள் வந்த பிறகும் அவர்களையும் ‘குன்’ என்றே அழைத்துவந்தார்கள். டோய் எல்லோரையும் ‘சான்’ என்று அழைத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரியவருக்கும் சிறியவருக்கும் பொதுவான மரியாதைச் சொல். ஹோசோகாவா-சான், கோனோ-சான். மூத்த உறுப்பினர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வெளியே தெருவில் எல்லோரும் அப்படித்தானே பேசிக்கொள்கிறார்கள் என்று பார்வையாளர்களுக்குத் தோன்றியது.

சபாநாயகராக அவர் செய்த பெரிய காரியம் அவருக்கே வினையாக முடிந்தது. தேர்தல் சீர்திருத்த மசோதா 1994 ஜனவரி 21 அன்று மேலவையில் 118க்கு 130 என்று தோற்றது; ஆளும் கூட்டணியைச் சேர்ந்த சோஷலிஸ்டுகளில் 17 பேரே எதிர்த்து வாக்களித்ததுதான் காரணம். முட்டுக்கட்டையை உடைக்க டோய் நடுவராக இறங்கிப் பிரதமர் ஹோசோகாவாவையும் எதிர்க்கட்சித் தலைவர் கோனோவையும் உட்கார வைத்தார். 28ஆம் தேதி பின்னிரவில் உடன்பாடு ஆனது: 300 ஒற்றை உறுப்பினர் தொகுதிகள், கட்சிகள் வாங்கும் வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்து நிரப்பும் 200 விகிதாசார இடங்கள். பல இடங்கள் உள்ள தொகுதியில் ஒருவரை மட்டும் ஜெயிக்க வைத்துப் பழகிய கட்சிக்கு, ஒருவர் மட்டுமே ஜெயிக்கும் தொகுதியில் இடம் ஏது? அதே ஆண்டு ஜூனில் சோஷலிஸ்ட் தலைவர் முராயாமா, பரம எதிரியான லிபரல் ஜனநாயகக் கட்சியோடு கைகோத்துப் பிரதமர் ஆனார். ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றார். நுகர்வு வரியை 5 சதவீதமாக உயர்த்தும் சட்டமும் அவர் ஆட்சியில்தான் நிறைவேறியது. ‘கூடாதது கூடாது’ என்ற கட்சி!

1996இல் கட்சி சமூக ஜனநாயகக் கட்சி என்று பெயர் மாறியது. செப்டம்பரில் பெரும்பாலான உறுப்பினர்கள் புதிய ஜனநாயகக் கட்சிக்கு ஓடினார்கள். காலியான வீட்டுக்கு மறுபடியும் டோயைக் கூப்பிட்டார்கள். வந்தார். அக்டோபரில் 15 இடங்கள். சுஜிமோதோ கியோமி, ஃபுகுஷிமா மிசுஹோ போன்ற பெண்களை அவர் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது இந்தக் காலத்தில்தான். கட்சியில் மிச்சமிருந்த உயிர் அதுதான்.

கடைசி ஆண்டுகள் கசப்பானவை, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. 2002இல், உறுப்பினரின் செயலாளருக்கு அரசு தரும் சம்பளத்தில் நடந்த மோசடியால் சுஜிமோதோ பதவி விலகினார். டோயின் முன்னாள் செயலாளரும் அதே வழக்கில் சிக்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் கொய்சுமி வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போனபோது, ஜப்பானியர்களைத் தன் நாடு கடத்தியது உண்மைதான் என்று அந்நாட்டுத் தலைவர் கிம் ஜொங் இல் ஒப்புக்கொண்டார். வடகொரியாவின் ஆளும் கட்சியோடு சோஷலிஸ்டுகள் பல பத்தாண்டுகள் நட்பாக இருந்தவர்கள். கடத்தல் கட்டுக்கதை என்று அவர்களின் கட்சி இதழிலேயே கட்டுரை வந்திருந்தது. டோய் மன்னிப்புக் கேட்டார். எளியவர்களுக்காக வாதாடியவர், கடத்தப்பட்டவர்களின் குடும்பங்கள் கதறியபோது காது கொடுக்கவில்லை என்ற பழி ஒட்டிக்கொண்டது. அது நியாயமான பழி என்றே நினைக்கிறேன். 2003இல் சொந்தத் தொகுதியில் தோற்று, விகிதாசாரப் பட்டியலில் பிழைத்து, தலைமையை ஃபுகுஷிமாவிடம் கொடுத்தார். 2005இல் பட்டியலின் கீழ்வரிசையில் பெயரைப் போட்டுக்கொண்டு நின்றார், தோற்றார். ஜப்பானியப் பெண்கள் முதல் முறையாக வாக்களித்த 1946 தேர்தலில் கீழவைக்கு 39 பெண்கள் போயிருந்தார்கள். அந்த எண்ணை முறியடிக்க 59 ஆண்டுகள் ஆயின. முறியடித்தது 43 பெண்கள் ஜெயித்த இதே 2005 தேர்தல்தான். அவர்களில் பெரும்பாலோர் கொய்சுமியின் கட்சிக்காரர்கள். 2014 செப்டம்பரில், 85ஆவது வயதில் டோய் காலமானார்.

தகாய்ச்சியோடு ஒப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொள்கையில் இருவரும் வடதுருவம், தென்துருவம். டோய் உயிராகக் காத்த 9ஆவது பிரிவை மாற்ற வேண்டும் என்பவர் தகாய்ச்சி. ஆனால் இருவரும் ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள். 1993 தேர்தலில் நாராவிலிருந்து சுயேச்சையாக ஜெயித்து வந்த 32 வயதுப் புதுமுகம் தகாய்ச்சி. அவர் அவைக்குள் முதலில் பார்த்த சபாநாயகர் டோய். டோய்க்குப் பின் வந்த சபாநாயகர்கள் ‘சான்’ஐ விட்டுப் பழைய ‘குன்’னுக்கே திரும்பிவிட்டார்கள். 2025 அக்டோபர் 21 அன்று 237 வாக்குகளோடு நாட்டின் முதல் பெண் பிரதமர் தேர்வானதைக் கீழவையில் அறிவித்தபோது சொன்ன பெயர், ‘தகாய்ச்சி சனே-குன்’.